மலைநாட்டு இளைஞரும் பாலைநகர் வாழ்வும்

மனிதன் செய்யும் முடிவுகள் பலவற்றுள் தான் வாழும் இடத்தைப் பற்றிய முடிவு தலையாயதாகும். உண்பதிலும் உடுப்பதிலும் இன்று நேர்ந்த பிழையை நாளை திருத்திக்கொள்ளலாம். ஊரைத் தெரிந்துகொள்வதில் நேர்ந்த பிழையைத் திருத்த ஆண்டுகள் பல வேண்டும். சிலர்க்கு ஆயுளே போதாது. அங்ஙனமிருந்தும், நம் இளைஞருட் பலர் ஒரு சட்டைத் துணி வாங்குவதற்கு விசாரிக்கும் அளவுகூட விசாரியாது கடல் கடந்து போகத் துணிகின்றனர். வேறு பலர் அவ்வளவு விசாரணையுமின்றிப் போகாமல் இருந்துவிடுகின்றனர். இவ்விரு திறத்தாரும் முடிவு செய்தவராகார். அவர்களுக்காகப் பிறர் முடிவு செய்துவிட்டனர் என்பதே உண்மை. இம்மலரில் இப்பொருளை நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு.

சென்ற வேனில் விடுமுறையில் நாம் குன்னூரிற் சில நாள் தங்கியிருந்தோம். ஒருநாட் காலை, நம் கல்லூரியிற் பயின்று ஈராண்டுக்கு முன் வணிகவியற் பட்டம் பெற்ற ஓர் இளைஞர் நம்மைக் காண வந்தார். அவருடைய தாயார் கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர்; தந்தையார் இல்லை. குடும்பம் வாழ்வது தோட்டத்து லைன் வீட்டில். அவ்வீடு வேலையோடு வந்தது. வேலை ஓயுங்கால் வீட்டையும் விட்டு நீங்க வேண்டும். தாயார் ஓய்வு பெற இன்னும் மூன்றாண்டே உள்ளது. அதற்குள் ஒரு துண்டு நிலமும் அதன்மேல் ஒரு சிறு வீடும் தேடிக்கொள்ள வேண்டுமென்பது மகனுடைய கவலை. இந்நிலையில் ஒரு தரகர், துபாய் நகரத்துச் சரக்குக் கிடங்கொன்றிற் கணக்கெழுதும் வேலை இருப்பதாகவும், மாதம் 1,500 திர்ஹாம் சம்பளமும் தங்க இடமும் கிடைக்குமென்றும், ஒப்பந்தம் இரண்டாண்டுக்கென்றும் சொல்லி, அதற்கு 1,50,000 ரூபாய் கேட்டிருந்தார். தாயாருடைய சிறுவாட்டுப் பணமும் நகையும் சேர்ந்தால் அத்தொகை தேறும். “ஐயா, போகலாமா? நீங்கள் சொன்னால் போகிறேன்” என்றார் இளைஞர்.

நாம் என்ன சொன்னோம்? “நன்றாக ஆலோசித்துச் செய், தம்பி” என்றோம். விடை தெரியாத ஆசிரியர் வழக்கமாகச் சொல்லும் விடை அது. அவர் பணிவோடு தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் போனபின் நமக்கு வெட்கமாயிருந்தது. மூன்றாண்டு அவருக்குப் பாடஞ் சொன்னோம். அவர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்ட பெரிய கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் விடை தந்து அனுப்பிவிட்டோம். அக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆகிய இடங்களினின்றும் படித்தவரும் படியாதவருமாகத் துபாய்க்கும் அபுதாபிக்கும் ஷார்ஜாவுக்கும் தோஹாவுக்கும் ரியாத்துக்கும் குவைத்துக்கும் செல்வோர் பலர். ஆகவே அன்று சொல்லத் தவறியதை ஈண்டு எழுத்தில் வைக்கின்றோம்.

இக்கேள்வியைக் கேட்டவுடன் எல்லாரும் முதலிற் பேசுவது வெயிலைப் பற்றி. “குளிரிற் பிறந்த உடம்பு அந்த அனலைத் தாங்குமா?” என்பர். கேட்கத் தக்க கேள்விதான். உதகை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்காற் பங்குக்குச் சற்று மேலாகும். தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னரே, ஏறத்தாழ 92 டிகிரியிற் கொதித்துவிடும். உதகையில் பருப்பு வேக நேரமாவது இதனாற்றான். மார்கழி, தை மாதங்களிற் புல்லின்மேல் உறைபனி படியும். துபாயோ கடல்மட்டத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி 100 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. கோடையிற் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. 45 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஆகஸ்டு மாதத்தில் நள்ளிரவிலும் 30 டிகிரி இருக்கும். அருகிலுள்ள கடலினின்று எழும் ஈரம் காற்றை நிறைத்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடம்பு குளிர்வது வியர்ப்பதனால் அன்று, வியர்வை உலர்வதனால். எனவே அந்நகரத்தில் வெயிலினும் ஈரமே கொடியது என்று அறிந்தோர் கூறுவர்.

ஆயினும், மலையிற் பிறந்தவன் பாலையில் வாழவே முடியாது என்பது உடல்நூலுக்கு ஒவ்வாத கூற்று. வெப்பத்துக்குப் பழகும் ஆற்றல் மனித உடம்புக்கு இயற்கையாகவே உண்டு. நாள்தோறும் அளவாக வெப்பத்தில் உழைத்துவந்தால், ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் குருதியின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை முன்னிலும் விரைவிற் சுரக்கத் தொடங்கும். அதன் வழி வெளியேறும் உப்புக் குறையும். ஆபத்து மிகுந்தது அம்முதல் இரு வாரமே. புதிதாக வந்தவனைப் பழையவனுக்கு நிகராக முதல்நாளே வெயிலில் நிறுத்தும் மேற்பார்வையாளன் இருந்தால், அவனை அஞ்ச வேண்டும். மார்கழி முதல் மாசி வரை அந்நகரமும் இனிய காலநிலையுடையதே. ஆகவே, முதன்முறை செல்பவன் ஆவணியிற் செல்வதைவிடக் கார்த்திகையிற் செல்வது நன்று. இச்சிறு செய்தியைக்கூட அந்த இளைஞருக்கு நாம் சொல்லவில்லை.

வெயிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் துபாயிற் பெருமழை பெய்தது. அந்நகர விமான நிலையத்தில் ஒரு நாளிற் பதிவான மழை 142 மில்லிமீட்டர். ஓர் ஆண்டில் வழக்கமாகப் பெய்வதினும் அது மிகுதி. விமானங்கள் தண்ணீரில் நின்றன. அதே மாத இறுதியில் உதகையில் வெப்பம் 29 டிகிரியை எட்டியது. எழுபது ஆண்டுக்கு மேலாக அங்கே காணாத வெப்பம் அது என்றனர். ஒரே மாதத்தில் பாலை மழையைக் கண்டது. மலை வெயிலைக் கண்டது. நீலகிரியின் குளிர் என்றும் மாறாத சொத்தென்றும், பாலையின் வெப்பம் வேறோர் உலகத்தின் துன்பமென்றும் எண்ணி முடிவு செய்பவர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

உண்மையில், வெயில் எல்லாரையும் ஒருபடித்தாகச் சுடுவதில்லை. துபாய் என்பது ஒரு நகரமன்று, இரண்டு நகரங்கள். குளிர்சாதன அறையிற் கணக்கெழுதுபவன் வாழும் நகரம் ஒன்று. சாரத்தின்மேல் நின்று கம்பி கட்டுபவன் வாழும் நகரம் மற்றொன்று. முன்னவன் வெயிலைக் காண்பது கண்ணாடிக்கு அப்பால். பின்னவனுக்கு அதுவே கூரை. இதனை அந்நாட்டு அரசாங்கங்களும் உணர்ந்துள்ளன. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்குதல் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. கத்தாரில் 2021 முதல் அத்தடை ஜூன் மாதத் தொடக்கத்திலேயே தொடங்கி, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை நீள்கின்றது. இவை நல்ல சட்டங்களே. ஆனால் காலை 9 மணி வெயிலையும் மாலை 4 மணி வெயிலையும் எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. எனவே “துபாய் வெயில் தாங்குமா?” என்று கேட்பதற்கு முன், “அங்கே நான் நிற்கப்போவது நிழலிலா, வெயிலிலா?” என்று கேட்க வேண்டும். தரகர் வாயாற் சொல்லும் வேலை ஒன்றாகவும் தாளில் எழுதியிருக்கும் வேலை வேறாகவும் இருப்பதுண்டு. ‘கணக்கர்’ என்று வாய் சொல்லும்; ‘உதவியாள்’ என்று தாள் சொல்லும். ஒருவன் எந்த நகரத்துக்குப் போகிறான் என்பது அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

அடுத்தது உறையுள். தங்க இடம் தருவார்கள் என்பது காதுக்கு இனிய சொல். எத்தனை பேர் ஓர் அறையில், எத்தனை வழி வெளியேற, என்பவை நாம் கேட்கத் தவறும் கேள்விகள். 2024-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் விடியற்காலை, குவைத்து நாட்டு மங்காப் என்னுமிடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. உயிர் நீத்தோருள் நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டினர். அவர்களை மாய்த்தது பாலைவனத்து வெயிலன்று; உறங்கிய இடம். பொருள் தேடப் போகிறவன் தான் உறங்கும் இடத்தைப் பற்றிக் கேட்பது கோழைத்தனமாகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். வணிகவியல் பயின்ற மாணவரே தம் வாழ்க்கைக்குக் கணக்கெழுதத் தயங்குவது வியப்பாயிருக்கின்றது. அவ்விளைஞருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1,500 திர்ஹாமில் உணவுக்கும் தொலைபேசிக்கும் சில்லறைச் செலவுக்கும் 500 போனால் 1,000 மிஞ்சும். திர்ஹாம் ஒன்றுக்கு 23 ரூபாய் என்று கொண்டால் மாதம் 23,000 ரூபாய். 24 மாதத்துக்கு 5,52,000 ரூபாய். இத்தொகையையே தரகர் உரக்கச் சொல்வார். இதனின்று தரகருக்குக் கொடுத்த 1,50,000-ஐக் கழித்தால் 4,02,000. அதாவது முதல் ஆறரை மாத உழைப்பு முழுவதும் தரகருக்கே. வட்டிக்கு வாங்கியிருந்தால் அது வேறு. இனி அவர் கோயம்புத்தூரிலேயே 16,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலை பார்த்து, அறைக்கும் உணவுக்கும் 9,000 செலவிட்டு, மாதம் 7,000 மிச்சம் பிடித்தால், இரண்டாண்டில் 1,68,000 சேரும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை 2,34,000. மாதத்துக்குப் பதினாயிரத்துக்கும் குறைவு. இந்தப் பதினாயிரத்துக்குத்தான் கடலும் பாலையும் கடக்க வேண்டும். இது சிறு தொகை என்று நாம் சொல்லவில்லை. லைன் வீட்டை இழக்கப்போகும் தாய்க்கு அது பெருந்தொகையே. ஆனால் 5,52,000-ஐ எண்ணிப் போகிறவனும் 2,34,000-ஐ எண்ணிப் போகிறவனும் ஒரே மனநிலையிற் போவதில்லை. முன்னவன் ஆறாவது மாதத்தில் மனமுடைந்து போவான். பின்னவன் தாங்கி நிற்பான்.

அக்கணக்கில் மாற்றக்கூடிய வரி ஒன்றே. அது தரகருடைய வரி. இந்திய அரசாங்க விதிப்படி, பதிவு பெற்ற முகவர் வேலைக்குச் செல்பவரிடம் 30,000 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு வரியும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது. அமீரகத்திலோ, 2022 முதல் நடைமுறையில் உள்ள தொழிற் சட்டம், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் தலையிற் சுமத்தவே கூடாதென்கின்றது. கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்வதையும் தடுக்கின்றது. 1,50,000-க்குப் பதில் 35,400 மட்டும் கொடுத்தால், முற்கூறிய வேற்றுமை 2,34,000-இனின்று 3,48,600-ஆக உயரும். அந்த இளைஞர் அறியாமற் செலுத்த இருந்தது, தாயார் வாங்க நினைத்த நிலத்தின் விலையில் ஒரு பங்கு.

படித்த இளைஞர் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் இந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அரசாங்க அலுவலரின் அனுமதி பெற வேண்டும். அவர்களுடைய ஒப்பந்தத்தை ஓர் அலுவலர் பார்ப்பார். தேறியவருக்கு அவ்வனுமதி வேண்டுவதில்லை. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று சட்டம் நம்புகின்றது. அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையவரா? பட்டத்தாளைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டும் நாம், ஒப்பந்தத் தாளைப் படியாமலே கையொப்பமிடுகின்றோம். அமீரகத்து வேலைவாய்ப்புத் தாள் அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமன்றித் தொழிலாளி அறிந்த மூன்றாவது மொழியிலும் அளிக்கப்படலாம். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. தன் தாயார் காதிற் படித்துக் காட்டக்கூடிய மொழியில் ஒப்பந்தத்தைக் கேட்பது ஒருவனுடைய உரிமை. அதிலே வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், விடுப்பு, உறையுள் ஆகியன எழுதப்பட்டிருக்கும். அடிப்படைச் சம்பளத்தை ஏன் பார்க்க வேண்டுமெனின், ஓராண்டேனும் வேலை செய்து நீங்குபவனுக்குக் கிடைக்கும் பணிக்கொடை, ஆண்டொன்றுக்கு 21 நாள் என்ற கணக்கில், அதனைக் கொண்டே அளக்கப்படும். தாளைக் காட்ட மறுக்கும் தரகரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சுற்றுலா அனுமதியிற் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடமும் அவ்வாறே. தமிழ்நாட்டு அரசு 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் உள்ளது. அங்கே பதிவு செய்துகொள்ளத் தரகர் வேண்டுவதில்லை.

பணத்தினும் தாளினும் நுண்ணியதொரு பொருள் எஞ்சியுள்ளது. அது பிரிவு. தமிழர்க்கு இது புதிய பொருளன்று. நம் முன்னோர் நிலத்தை ஐந்திணையாக வகுத்தபோது, குறிஞ்சிக்குக் கூடலையும் பாலைக்குப் பிரிதலையும் உரியனவாக்கினர். பொருள்வயிற் பிரிவு என்பது அகத்துறைகளுள் ஒன்று. குறிஞ்சி நிலத்து இளைஞன் பாலைக்குப் போக எண்ணித் தாயின் முகத்தைப் பார்த்து நிற்பது, பழம் புலவர் கண்டால் உடனே அறிந்துகொள்ளும் காட்சி. கடல் வழிச் செலவிற் பெண்டிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்றும் தொல்காப்பியம் கூறுகின்றது. இன்றைய அமீரக விதியும் ஏறத்தாழ அதையே வேறு சொற்களிற் கூறுகின்றது: மாதம் 4,000 திர்ஹாமேனும், அன்றி 3,000 திர்ஹாமும் உறையுளும் பெறுவோனே குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளலாம். 1,500 பெறுகிறவன் தனியே வாழ வேண்டியவன்.

ஆனால் அப்பழம் பாடல்களில் நாம் கற்க வேண்டியது வேறொன்று. பிரிகின்றவன் திரும்பும் பருவத்தைச் சொல்லிவிட்டுப் பிரிவான். கார்காலம் தொடங்குமுன் வருவேன் என்பான். வீட்டில் இருப்பவள் சுவரிற் கோடிட்டு நாளெண்ணுவாள். இன்று பிரிவோர் சம்பளத்தைச் சொல்கின்றனர்; தவணையைச் சொல்வதில்லை. இரண்டாண்டுக்கென்று போனவர் வீடு கட்டும்வரை என்பர். வீடு கட்டியபின் தங்கை மணம் வரை என்பர். பின்பு மகன் படிப்பு வரை. இவ்வாறு இருபது ஆண்டு ஓடிப்போய், கட்டிய வீட்டிற் பத்து மாதங்கூடத் தொடர்ந்து வாழாதவரை நாம் அறிவோம். அந்நாடுகளிற் பிறநாட்டார் எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை பெறுதல் அரிது. வேலை உள்ளவரை இருக்கலாம், வேலை போனால் நீங்க வேண்டும். சற்றே எண்ணிப் பார்த்தால், இதுவும் ஒருவகை லைன் வீடே. லைன் வீட்டினின்று விடுபடப் போகிறவன் அங்கே மற்றொரு லைன் வீட்டிற் சிக்கிக்கொள்ளாதிருக்க வேண்டுமானால், தொகையும் தவணையும் புறப்படுமுன்னரே தாளில் எழுதப்பட வேண்டும். இத்தொகை சேர்ந்தால் திரும்புவேன்; இத்தவணைக்குள் சேராவிடினும் திரும்புவேன் என்று இரண்டையும் எழுத வேண்டும்.

சொந்த மண்ணை விட்டுப் போகவே கூடாதென்பார் சிலர். அவர்களுடைய அன்பை மதிக்கின்றோம். வாதத்தை ஏற்க இயலவில்லை. நீலகிரியின் வரலாறே வந்தேறியோரின் வரலாறன்றோ? படுகர் முன்னோர் மைசூர்ப் பக்கத்தினின்று மலையேறியவர் என்பர். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, பின்னர் உதகையிற் கல் மாளிகை எழுப்பினார். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை அரசாங்கமே வேனிற்காலத்தில் வெயிலுக்கு அஞ்சி உதகைக்கு ஏறிவந்தது. வெயிலை விட்டோடி வந்தவர் கட்டிய ஊரின் பிள்ளைகள் இன்று வெயிலைத் தேடிப் போகின்றனர். காலத்தின் இத்திருப்பத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை. 1991-இல் சோவியத்து நாடு சிதைந்தபின் நீலகிரித் தேயிலை தன் பெருஞ் சந்தையில் தளர்வு கண்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை வீழ்ந்தபோது சிறு விவசாயிகள் தெருவில் இறங்கினர். 1960-இல் உதகையில் நிறுவப்பட்டுப் பல குடும்பங்களைக் காத்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலையில்லாத மலையில் இளைஞரை இருக்கச் சொல்வது எளிது. சொல்பவர் அவர்களுக்குச் சோறும் காட்ட வேண்டும்.

மனம் பொறாமல், ஒரு வாரம் கழித்து நாமே அவ்விளைஞருடைய இல்லத்துக்குச் சென்றோம். வாயிலில் அவருடைய பாட்டியார் அமர்ந்திருந்தார். அவர் பிறந்தது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமரும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். நாடற்றவராக நின்ற ஒன்பதே முக்கால் இலட்சம் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதென்றும் முடிவாயிற்று. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமிற் காத்திருந்து மலைக்கு வந்தோருள் அம்மூதாட்டியும் ஒருவர். அத்தகையோரை வைத்தே 1968-இல் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. பேரன் துபாய்க்குப் போவதைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “எங்கள எண்ணிப் பாத்தாங்க, சாமி, கேட்டுப் பாக்கல. அவனக் கேக்குறாங்க. அவன் நல்லா யோசிச்சுச் சொல்லட்டும்” என்றார்.

இதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கின்றது? அம்மூதாட்டியின் பெயர்ச்சியை இரண்டு அரசாங்கங்கள் தீர்மானித்தன. அவருடைய முன்னோரைத் தமிழ்நாட்டினின்று கடல் கடத்தியது கங்காணியின் வாக்கும் பஞ்சமும். அக்குடும்பத்திற் போவதா இருப்பதா என்று கேட்கப்பட்ட முதல் மனிதர் இவ்விளைஞரே. கேட்கப்படுதல் பெரும் பேறு. அதனைத் தரகர் கையில் ஒப்படைப்பவன், மூன்று தலைமுறைக்குப் பின் வந்த உரிமையைத் துறப்பவனாவான். அண்டை வீட்டான் போனான் என்பதற்காகப் போவதும், ஊரார் சிரிப்பர் என்பதற்காக இருப்பதும் அவ்வாறே. பயணத்தை விடுத்து இல்லத்தில் தங்குவதற்கும் நம் இலக்கணம் செலவழுங்கல் என்று பெயரிட்டுச் சிறப்பித்துள்ளது. போவதும் முடிவே, போகாமையும் முடிவே. இரண்டும் நம்முடையனவாக இருத்தல் வேண்டும்.

ஆகவே நம் கருத்து இது. நிழலில் வேலை, தமிழில் ஒப்பந்தம், விதிக்குட்பட்ட செலவு, எழுதிய தவணை ஆகிய நான்கும் உறுதியானாற் போகலாம், போவதில் இழிவில்லை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், தாயின் நகையை விற்றுப் போவது தகாது. பாலைநகரங்களில் வாழும் நம் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம்: உங்கள் தம்பியர் உங்களை நாடிக் கடிதம் எழுதினால், தங்கக் கதையும் சொல்லாதீர்கள், தீக்கதையும் சொல்லாதீர்கள். உங்கள் அறையில் எத்தனை பேர், உங்கள் கையில் மாத இறுதியில் எவ்வளவு, கடைசியாக ஊருக்கு வந்தது எப்போது என்னும் மூன்றை மட்டும் மறையாது எழுதுங்கள். கல்லூரி அலுவலகத்தில் அதற்கென ஒரு பதிவேடு வைப்பதற்கு நிருவாகத்தார் இசைய வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கின்றோம்.

அவ்விளைஞர் தரகரிடம் ஒப்பந்தத் தாளைத் தமிழிற் கேட்டார். தரகர் முதலிற் சிரித்தார், பின்பு சினந்தார், தாள் மட்டும் வரவில்லை. தாயாருடைய நகை இன்னும் வீட்டில் உள்ளது. இளைஞர் அரசு நிறுவனத்திற் பதிவு செய்துகொண்டு, அதுவரை குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிற் கணக்கெழுதுகின்றார். அவர் நாளை துபாய்க்குப் போகலாம்; போகாமலும் இருக்கலாம். எதுவாயினும், பாட்டியார் முன் நின்று காரணம் சொல்லக்கூடிய முடிவாக அது இருக்கும்.